டிக்கெட்தான் செல்லுமே, கடைசி நேரத்தில் கால்பந்து ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டால் ரசிகர்கள் ஏன் இவ்வளவு கொதிக்கிறார்கள்?

மறுதேதிக்கு அதே டிக்கெட் செல்லும், வர முடியாதவர்களுக்குப் பெரும்பாலும் பணமும் திரும்பக் கிடைக்கும், பிறகு எதற்கு இந்த ஆத்திரம் என்று கேட்டிருக்கிறீர்கள். தொலைக்காட்சியில் ஆட்டம் பார்ப்பவருக்கு இது நியாயமான கேள்வியாகவே தோன்றும். ஆனால் வெளியூர் போய் ஆட்டம் பார்க்கிறவருக்கு டிக்கெட் மொத்தச் செலவில் ஒரு பங்குதான். பயணம், தங்கும் இடம், அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய விடுப்பு ஆகிய எதையும் எந்தக் கிளப்பும் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுப்பதில்லை. அதைக்கூட ரசிகர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்பது என் அனுபவம். மழையோடும் பனியோடும் யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஆட்டம் நடக்காது என்பது உள்ளே இருப்பவர்களுக்கு எப்போது தெரிந்தது, வெளியே நிற்கிற எங்களுக்கு எப்போது சொன்னார்கள் என்ற கணக்கைத்தான் பார்க்கிறோம். அந்த இடைவெளி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவுக்குக் கோபமும் ஏறுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் தம்பியும் எங்கள் அணியின் வெளியூர் ஆட்டம் ஒன்றைப் பார்க்க இரவு முழுவதும் பேருந்தில் உட்கார்ந்து போய், ஆட்டம் தொடங்க மூன்று மணி நேரம் இருக்கையிலேயே மைதான வாசலை அடைந்துவிட்டோம். முந்தைய நாள் பெய்த மழை நின்று, வானம் வெளுத்திருந்தது. வெளியூர் ரசிகர்களுக்கான வாயில் மட்டும் திறக்கவேயில்லை. அங்கிருந்த காவலாளிக்கு எதுவும் தெரியவில்லை. எங்களிடமே அவர் விசாரித்தார். கம்பிக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தபோது, மைதானப் பணியாளர் ஒருவர் நீண்ட முட்கரண்டி போன்ற கருவியைத் தரையில் குத்தி, காலால் மிதித்து இறக்கி, வெளியே இழுப்பதும், இழுத்த ஒவ்வொரு துளையிலும் தண்ணீர் மேலே ஊறி நிற்பதும் தெரிந்தது. பக்கத்தில் நின்ற ஒருவருடைய கைபேசியில்தான் முதலில் செய்தி வந்தது: ஆட்டம் ஒத்திவைப்பு. அதன் பிறகு கதவருகே வந்த அந்தப் பணியாளரிடம் தம்பி பேச்சுக் கொடுத்தான். அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "நேற்று சாயங்காலமே இப்படித்தான் இருந்தது, தம்பி."

எனக்கு அதுவரை வராத கோபம் அந்த வாக்கியத்தில்தான் வந்தது. முந்தைய நாள் மாலை நாங்கள் பேருந்தில்கூட ஏறியிருக்கவில்லை.

நிர்வாகத்தின் தரப்பையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மைதானம் ஆடத் தகுதியானதா என்பதை நடுவர் நேரில் வந்து பார்த்து முடிவு செய்வதுதான் பொதுவான நடைமுறை. பந்தைத் தோள் உயரத்திலிருந்து கீழே விட்டு எழும்புகிறதா என்று பார்ப்பார்கள், தரையோடு உருட்டிவிட்டு எங்கே தேங்கி நிற்கிறது என்று பார்ப்பார்கள், உறைபனி என்றால் காலணியின் குமிழ்கள் மண்ணில் இறங்குகின்றனவா என்று மிதித்துப் பார்ப்பார்கள். மாலையில் குளமாகக் கிடக்கிற மைதானம் நல்ல வடிகால் இருந்தால் காலைக்குள் வடிந்துவிடக்கூடும். முந்தைய நாளே ஆட்டத்தை ரத்து செய்துவிட்டு, மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தால், இதே நாங்கள்தான் அவசரக்குடுக்கைகள் என்று அவர்களைத் திட்டியிருப்போம். ஆகவே முடிவைத் தாமதிப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐயம் இருப்பதை மறைப்பதில் எந்த நியாயமும் இல்லை. "மைதானத்தில் தண்ணீர் நிற்கிறது, காலை எட்டு மணிக்குச் சோதனை, தொலைவிலிருந்து வருகிறவர்கள் யோசித்துக் கிளம்புங்கள்" என்று முந்தைய மாலை இரண்டு வரி போட்டிருந்தால், நாங்கள் கிளம்பியிருந்தாலும் தெரிந்தே கிளம்பியிருப்போம். யாரையும் நொந்துகொண்டிருக்க மாட்டோம்.

மறுதேதி என்ற சொல்லும் கேட்க எளிதாக இருக்கிறதே தவிர, அதுவும் ரசிகர்களைப் பிரிக்கிற ஒன்றுதான். 2024 டிசம்பர் 7, சனிக்கிழமை, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து அணிகளான எவர்ட்டனும் லிவர்பூலும் எவர்ட்டனின் குடிசன் பார்க் மைதானத்தில் மதியம் மோதவிருந்தன. எவர்ட்டன் புதிய மைதானத்துக்கு இடம் மாறவிருந்ததால், அந்தப் பழைய மைதானத்தில் இந்த இரு அணிகளும் சந்திக்கும் கடைசி லீக் ஆட்டம் அது. டாரா புயலின் பலத்த காற்றினால், பாதுகாப்புக் கருதி அன்று காலையில்தான் ஆட்டம் ஒத்திவைக்கப்பட்டது. காரணத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. அந்தக் காற்றில் ஆயிரக்கணக்கானோரைத் தெருவில் நடக்கவிடுவது ஆபத்துதான். ஆனால் கடல் கடந்து வந்தவர்கள் பலர் அதற்குள் ஊருக்கு வந்து தங்கியிருந்தார்கள். ஆட்டம் 2025 பிப்ரவரி 12, புதன்கிழமை இரவில் நடந்தது. வீணான நேரத்துக்கு ஈடாகச் சேர்த்த நிமிடங்களும் ஓடிக்கொண்டிருந்த 98-ஆவது நிமிடத்தில் எவர்ட்டனின் டார்கோவ்ஸ்கி அடித்த கோலால் 2-2 என்று முடிந்தது, அந்த மைதானம் தன் கடைசி ஆண்டில் கண்ட மிகப் பெரிய ஆரவாரங்களில் ஒன்று. சனிக்கிழமை வந்தவர்களில் எத்தனை பேருக்குப் புதன்கிழமை இரவு வாய்த்திருக்கும்? அவர்கள் கையிலும் செல்லுபடியாகும் டிக்கெட் இருந்தது.

காரணமே நம்பும்படி இல்லையென்றால் நிலைமை இன்னும் மோசம். 2022 ஜனவரி 16 அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில் ஆர்சனல் ஆடவிருந்த ஆட்டம், ஆர்சனலின் வேண்டுகோளின் பேரில் முந்தைய நாள் ஒத்திவைக்கப்பட்டது. 13 ஆட்டக்காரர்களும் ஒரு கோல்கீப்பரும் ஆடத் தயாராக இல்லாவிட்டால் ஒத்திவைக்கக் கோரலாம் என்பது கொரோனா காலத்தில் இங்கிலாந்தின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக் வகுத்திருந்த விதி. ஆர்சனலில் அப்போது தொற்று இருந்தது ஒருவருக்குத்தான் என்று செய்திகள் வந்தன. மற்றவர்களில் சிலர் காயத்தில் இருந்தார்கள், சிலர் தங்கள் நாட்டு அணிக்காக ஆப்பிரிக்கக் கோப்பையில் ஆடப் போயிருந்தார்கள். விதியின் எழுத்தை அவர்கள் மீறவில்லை, அதன் நோக்கத்தோடுதான் அது பொருந்தவில்லை. டாட்டன்ஹாம் கிளப்பே தன் வியப்பை அறிக்கையாக வெளியிட்டது. பிப்ரவரியிலிருந்து, குறைந்தது நான்கு பேருக்குத் தொற்று உறுதியாகியிருக்க வேண்டும் என்று விதி மாறியது. ரசிகர்கள் வீணாகக் கூச்சல் போடவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மே 12 அன்று நடந்த அந்த ஆட்டத்தில் டாட்டன்ஹாம் 3-0 என்று வென்றதும், அந்தப் பருவத்தில் டாட்டன்ஹாம் நான்காமிடத்தையும் ஆர்சனல் ஐந்தாமிடத்தையும் பிடித்ததும் தனிக்கதை. (நான் இரு அணிகளுக்கும் ரசிகன் அல்லன் என்பதால் அந்த இரவை நிம்மதியாக ரசித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.)

தவணை முறையில் தள்ளிப்போடுவது எல்லாவற்றிலும் கொடியது. தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான கோபா லிபர்தடோரஸ் கோப்பையின் 2018 இறுதிப் போட்டியில், இரண்டு ஆட்டங்களாக, அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரத்து இரு பெரும் அணிகளான ரிவர் பிளேட்டும் போக்கா ஜூனியர்ஸும் மோதின. முதல் ஆட்டமே கனமழையால் நவம்பர் 10-லிருந்து மறுநாளுக்குப் போய் 2-2 என்று முடிந்தது. நவம்பர் 24 அன்று இரண்டாவது ஆட்டத்துக்காக ரிவர் மைதானத்துக்கு வந்த போக்காவின் பேருந்து வழியில் தாக்கப்பட்டு, கண்ணாடிகள் உடைந்து, ஆட்டக்காரர்கள் காயமடைந்தார்கள். மைதானமோ நிரம்பியிருந்தது. மாலை ஐந்து மணி ஆட்டம் ஆறு மணிக்கு என்றார்கள், பிறகு ஏழேகால் என்றார்கள், பிறகு நாளைக்கு என்றார்கள், மறுநாள் அதுவும் இல்லை என்றார்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் மக்கள் இருக்கையிலேயே காத்திருந்தார்கள், ஏனென்றால் எழுந்து போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கடைசியில் டிசம்பர் 9 அன்று அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் மாட்ரிட் நகரில் ஆட்டம் நடந்தது. கூடுதல் ஆட்ட நேரத்தில் ரிவர் 3-1 என்று வென்றது. வீட்டிலிருந்து மைதானத்துக்கு நடந்தே வந்து மணிக்கணக்கில் காத்துக் கிடந்தவர், தன் அணி கோப்பை வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தார். சில நூறு பேர் செய்த வன்முறைக்கு, ஒழுங்காக உட்கார்ந்திருந்தவர்கள் தண்டனை பெற்றார்கள்.

வார்சாவில் 2012 அக்டோபர் 16 அன்று நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்புத்தான் வருகிறது. போலந்து – இங்கிலாந்து உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம். மூடித் திறக்கும் கூரை உள்ள மைதானம். கூரை திறந்திருக்க, மழை கொட்டியது. மழை பெய்யும்போது அந்தக் கூரையை மூட முடியாதாம். ஆட்டம் மறுநாளைக்குப் போனது. காத்திருந்து சலித்த ரசிகர்களில் சிலர் மைதானத்துக்குள் ஓடித் தண்ணீரில் சறுக்கி விளையாடினார்கள்.

இத்தனை சொன்ன பிறகு ஒரு மாற்று உதாரணமும் சொல்ல வேண்டும், ரசிகர்கள் எதற்கெடுத்தாலும் கத்துகிறவர்கள் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. 2017 ஏப்ரல் 11 அன்று, ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மொனாக்கோவைச் சந்திக்க மைதானத்துக்குக் கிளம்பிய ஜெர்மனியின் டார்ட்மண்ட் அணியின் பேருந்தருகே குண்டுகள் வெடித்து, பார்த்ரா என்ற ஆட்டக்காரர் காயமடைந்தார். ரசிகர்கள் அதற்குள் மைதானத்தில் கூடியிருந்தார்கள். அங்கேயே அவர்களுக்கு விஷயம் சொல்லப்பட்டது. ஆட்டம் மறுநாள் என்றும் சொல்லப்பட்டது. யாரும் கொதிக்கவில்லை. மொனாக்கோ ரசிகர்கள் எதிரணியின் பெயரைச் சொல்லி முழக்கமிட்டார்கள். இரவு தங்க இடமின்றி நின்ற அவர்களை டார்ட்மண்ட் ரசிகர்கள் சமூக ஊடகத்தில் தேடிக் கண்டுபிடித்துத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போய்ப் படுக்கை கொடுத்தார்கள். அதே வேளையில், மறுநாளே ஆடச் சொன்னது ஆட்டக்காரர்களுக்குக் கொடுமையாக இருந்தது, டார்ட்மண்ட் பயிற்சியாளர் அதை வெளிப்படையாகவே குறை கூறினார். வெளியூர் ரசிகருக்கு உகந்த மறுதேதி அடிபட்ட அணிக்கு உகந்ததாக இருக்கவில்லை. எல்லோருக்கும் நல்லதாக ஒரு தேதியைக் குறிப்பது லேசான வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும்.

முன்பெல்லாம் இவ்வளவு கோபம் இருந்ததா என்று சிலர் கேட்பதுண்டு. 1963-இல் இங்கிலாந்தின் கடுங்குளிரில் எஃப்.ஏ. கோப்பையின் மூன்றாம் சுற்று முடிய 66 நாட்கள் ஆயின. ஸ்காட்லாந்தில் 1979-இல் இன்வர்னஸ் திசில் – ஃபால்கர்க் ஆட்டம் 29 முறை ஒத்திவைக்கப்பட்டது. அன்றைய ரசிகர் பெரும்பாலும் உள்ளூர்க்காரர், குளிரைத் தன் சன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தவர். அன்று ஆட்டம் இருக்காது என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். இன்றைய ரசிகர் ஆயிரம் கல் தொலைவிலிருந்து வருகிறார். கிளப்புகளும் அப்படி வருகிறவர்களை விரும்பி அழைக்கின்றன. அழைத்தவர்கள்தான் நேரத்தோடு சொல்லவும் கடமைப்பட்டவர்கள் என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் ஆட்டம் ஆறு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை இரவில் வைக்கப்பட்டது. தம்பிக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. நான் மட்டும் மறுபடியும் இரவுப் பேருந்தில் போனேன். இந்த முறை வெளியூர் வாயில் திறந்திருந்தது, என் டிக்கெட்டை ஒரு சொல்லும் பேசாமல் வாங்கிச் சரிபார்த்து உள்ளே விட்டார்கள். எங்கள் வரிசையில் என்னுடைய இடப்பக்கத்து இருக்கை தம்பியுடையது. வலப்பக்கம் மூன்று இருக்கைகள் யாருடையவை என்று தெரியவில்லை, ஆட்டம் முடியும்வரை அவற்றுக்கும் யாரும் வரவில்லை.