பதிவு 100 பேர், களத்துக்கு வருவது 15 பேர்

பாடத்தோடு சேர்ந்த கிராமப் பணிக்கு 100 பேர் பதிவு செய்தும் மாலையில் 15 பேரே வருகிறார்கள், வேறு கிராமம் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். முதலில் ஒரு பாடத்தின் கால அட்டவணையில் இந்தப் பணிக்கு வாரம் 2 மணி நேரம் வாங்குங்கள். நீங்கள் சொல்வதுபோல் பணி மாலையில் என்றால், பதிவு செய்த 100 பேரில் 15 பேர் வருவதே அதிகம். ஊர்ப்புறப் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலோர் பஸ்ஸில் வந்துபோகிறவர்கள். ஒரு பஸ்ஸை விட்டால் வீடு சேர இரவாகிவிடும்.

பழைய வருகைப் பதிவேட்டை எடுத்து, வராதவர்களை விடுதி, பஸ் என்று பிரித்துப் பாருங்கள். இரு பக்கமும் ஒரே அளவில் வராமலிருந்தால் கோளாறு நேரத்தில் இல்லை, கொடுத்த வேலையில்.

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஆண்டுக்கு 120 மணி, 7 நாள் முகாம் என்ற கணக்கை இதில் ஒட்டாதீர்கள். அது தொண்டு. இங்கே பாடமும் பணியும் ஒன்றாக இருக்க வேண்டும். தருமபுரிப் பக்கம் என்றால் வேதியியல் மாணவர்களுக்கு நிலத்தடி நீரில் ஃபுளோரைடு (அளவு மீறினால் பல்லையும் எலும்பையும் பாதிப்பது) அளக்கும் வேலை இருக்கிறது:

1. ஒரே ஊராட்சியில் 10 ஆழ்துளைக் கிணறுகள். மழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை.
2. மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுங்கள். கண்ணாடி பாட்டிலில் ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரிந்து அளவு குறைத்துக் காட்டலாம்.
3. மதிப்பெண் வருகைக்கு வேண்டாம், களக்குறிப்புக்குக் கொடுங்கள். வருகைக்குக் கொடுத்தால் கையெழுத்துத்தான் வரும்.

அக மதிப்பெண்ணை மாற்றப் பாடத்திட்டக் குழு ஒப்புதல் தேவைப்படலாம். அதுவரை அசைன்மென்ட் மதிப்பெண்ணுக்குள் அடக்குங்கள். ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற குடிநீர் வரம்பைத் தாண்டினால் மாணவர்கள் ஊரில் அறிவிக்கக் கூடாது. அரசு ஆய்வகத்தில் உறுதி செய்தபின் ஊராட்சித் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள்.