நங்கூரத்தைப் போட்டுவிட்டு ஜெபம்
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புயல் எச்சரிக்கை வந்த அன்று எங்கள் சபையில் விடிய விடிய ஜெபம் வைத்தார்கள். பள்ளிக்கூட முகாமுக்குப் போகும்படி அதிகாரிகள் வந்து சொன்னார்கள். "ஆலயத்தை விட்டுப் போவது அவிசுவாசம்" என்றார் ஒரு மூப்பர். பாதிப் பேர் போனோம், பாதிப் பேர் போகவில்லை. யார் செய்தது சரி?
(வாசகர், நாகப்பட்டினம் மாவட்டம்)

பதில்: போனவர்கள் செய்ததுதான் சரி. அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை அந்த மூப்பரை நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். பவுல் கைதியாகப் போன கப்பல் புயலில் சிக்குகிறது. அதில் 276 பேர். பதினாலாவது நாள் இரவு. மாலுமிகள் விழுதுவிட்டு ஆழம் பார்க்கிறார்கள்: முதலில் 20 பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி), சற்றுத் தள்ளி 15 பாகம். பாறையில் மோதப்போகிறோம் என்று புரிந்ததும் பின்னணியத்திலிருந்து நாலு நங்கூரம் இறக்குகிறார்கள். பொழுது எப்போது விடியும் என்று ஏங்குவது அதற்குப் பிறகுதான். அந்த இடத்தில் வரும் கிரேக்கச் சொல்லுக்கு 'ஜெபித்தார்கள்' என்றும் பொருள் உண்டு. நங்கூரத்தை ஏன் பின்பக்கம் போட்டார்கள் என்று கடலுக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முன்பக்கம் போட்டால் பின்காற்றில் கப்பல் சுழன்று திரும்பிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு உயிருக்கும் சேதம் வராது என்று தேவதூதன் சொன்னதைப் பவுல் முன்பே அறிவித்துவிட்டார். வாக்குத்தத்தம் கையில் இருந்தும் நங்கூரம் போடாமல் இருக்கவில்லை, எல்லோரையும் சாப்பிட வைத்தார், கோதுமையைக் கடலில் கொட்டிப் பாரத்தைக் குறைத்தார்கள். ஆலயத்தின் உச்சியிலிருந்து குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்று இயேசுவிடம் வசனம் காட்டிப் பேசியது சாத்தான்தான் என்பதையும் மூப்பருக்கு மெல்ல ஞாபகப்படுத்தலாம்.

கட்டடக் கணக்கும் இருக்கிறது. ஆலயம் என்பது நடுவில் குறுக்குச் சுவர் இல்லாத நீளமான கூடம், பெரிய ஜன்னல்கள், பல ஊர்களில் மேலே ஓடு அல்லது ஷீட். காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னல் ஒன்று உடைந்தால் போதும், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று அதையே உறிஞ்சும். இரண்டும் சேர்ந்தால் கூரை பெயர்ந்துவிடும். மணிக்கூண்டு விழக்கூடிய தூரத்துக்குள் கூடுவதும் ஆபத்து. மேடான இடத்தில் கான்கிரீட் தளம் போட்ட பள்ளிக்கூடம் இருந்தால் ஜெபத்தை அங்கே வையுங்கள்.

புயலின் கண் உங்கள் ஊருக்கு மேல் வந்தால் காற்று திடீரென்று அடங்கும். சில நேரம் நட்சத்திரம்கூடத் தெரியும். ஜெபம் கேட்கப்பட்டது என்று ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு வெளியே வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் வரும். முதல் சுற்றில் பாதி சாய்ந்த மரமும் சுவரும் இரண்டாவது சுற்றில் விழும். புயல் கடந்துவிட்டது என்று வானிலைத் துறை அறிவித்த பிறகு ஸ்தோத்திர ஜெபம் வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமில் ஜெபிக்கும்போது பத்துப் பதினைந்து நிமிடம் போதும். மைக் வேண்டாம், அறிவிப்பு காதில் விழ வேண்டும். பக்கத்துப் பாயில் வேறு சமயத்தார் இருப்பார்கள், குழந்தைகள் தூங்கும். மெழுகுவர்த்திக்குப் பதில் டார்ச் வையுங்கள். 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள் அன்று காலை லிஸ்பன் நகரம் நடுங்கியபோது ஆலயங்களில் மக்கள் நிரம்பியிருந்தார்கள். பீடங்களில் எரிந்துகொண்டிருந்த மெழுகுவர்த்திகள் சாய்ந்தும் தீப்பற்றியது. நிலநடுக்கத்தில் தப்பிய கட்டடங்களை அந்தத் தீ நாட்கணக்கில் தின்றது.

கேள்வி: 2004 சுனாமி கடலோர மக்களின் பாவத்துக்குத் தண்டனை என்று ஒரு ஊழியர் இன்றும் பிரசங்கிக்கிறார். லூக்கா 13-ஐக் காட்டுகிறார்.
(வாசகி, குளச்சல்)

பதில்: அவர் காட்டுகிற அதிகாரமே அவருக்கு எதிராக நிற்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தார்கள். எருசலேமில் மற்ற எல்லோரையும்விட அவர்கள் குற்றவாளிகளா என்று இயேசுவே கேட்டு, இல்லை என்று இயேசுவே பதிலும் சொல்கிறார். அடுத்து வரும் மனந்திரும்புங்கள் என்ற வார்த்தை எதிரே உயிரோடு நின்றவர்களுக்குச் சொன்னது. அதை எடுத்து இறந்தவர்கள் தலையில் வைக்க அனுமதி இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் இறந்தவர்களில் மாதாவைத் தேடி வந்த யாத்திரிகர்கள் ஏராளம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியில் ஆலயமும் போனது, கூரையில்லாத அதன் சுவர்களை இன்றும் பார்க்கலாம். அலை எந்தக் கட்டடத்தையும் விசாரித்துவிட்டு வருவதில்லை. சுமத்ராவுக்கு அப்பால் பூமி நடுங்கியது இந்திய நேரம் காலை 6.28-க்கு. அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. இந்தியப் பெருங்கடலில் சுனாமி எச்சரிக்கை அமைப்பு அப்போது இல்லை; ஐதராபாத் மையம் 2007-இல்தான் வந்தது. பாவத்தைத் தேடியே தீர வேண்டும் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தில் தேடலாம்.

கேள்வி: ஒகி புயலில் போன என் மைத்துனரின் உடல் கிடைக்கவில்லை. என் தங்கை அவருக்கு இறந்தோர் திருப்பலி வைக்க மறுக்கிறாள். வைத்தால் அவர் செத்துவிட்டார் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். என்ன சொல்வது?
(வாசகர், கன்னியாகுமரி மாவட்டம்)

பதில்: வற்புறுத்தாதீர்கள். உயிரோடு இருப்பவர்களுக்காகவும் இறந்தவர்களுக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கத் திருச்சபைச் சட்டம் குருவுக்கு இடம் தருகிறது. ஆகவே 'ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று எழுதாமல் அவர் பெயரை மட்டும் சொல்லித் திருப்பலிக் கருத்து (யாருக்காக இந்தத் திருப்பலி என்பது) கொடுக்கலாம். எங்கே இருந்தாலும் அவர் கடவுளின் கையில் என்பதுதான் அந்தத் திருப்பலியின் பொருள். தங்கை தயாராகும்போது உடல் இல்லாமலே நினைவுத் திருப்பலி வைக்கலாம். கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கல் ஒன்று நட்டால் கல்லறைத் திருநாளான நவம்பர் 2 அன்று மெழுகுவர்த்தி ஏற்ற அவளுக்கும் ஓர் இடம் கிடைக்கும்.

காகிதங்கள் வேறு பாதை. ஏழு ஆண்டு தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கருத நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. ஒகி வீசியது 2017 நவம்பர் கடைசியில், அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆனால் தங்கை என்றாவது கத்தோலிக்க முறையில் மறுமணம் செய்ய அது போதாது. எத்தனை வருடம் ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1707 சொல்கிறது. சாட்சிகளையும் சூழ்நிலையையும் விசாரித்து, அவர் இறந்துவிட்டார் என்று மறைமாவட்ட ஆயர்தான் அறிவிக்க வேண்டும். மறுமணத்தைப் பற்றி இன்று யாரும் நினைக்காவிட்டாலும், கடைசியாக ஒயர்லெஸ்ஸில் அவரோடு பேசியவர், கூடப் போய்த் திரும்பியவர் ஆகியோரிடம் தேதி, நேரம், படகின் பதிவு எண்ணோடு எழுதிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். வருடம் போகப் போக ஞாபகம் மங்கும்.

கேள்வி: பேரிடர் வேளைக்கென்று தனி ஜெபங்கள் உண்டா?
(வாசகி, தூத்துக்குடி)

பதில்: உண்டு. நிலநடுக்க வேளைக்கு, மழைக்கு, புயல் ஓய்வதற்கு என்று ரோமைத் திருப்பலி நூலில் தனித்தனி மன்றாட்டுகள் இருக்கின்றன. குடும்ப ஜெபத்துக்குச் சங்கீதம் 46, கடலில் ஆள் இருந்தால் 107. எல்லாம் போன வீட்டில் 88-ஐ வாசியுங்கள். ஒரு ஸ்தோத்திரமும் இல்லாமல் இருளிலேயே முடிகிற சங்கீதம் அது. துதித்துப் பாடுங்கள் என்று சொல்லி அந்த வீட்டுக்காரர்களை யாரும் நெருக்க வேண்டாம். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் அவரோடு ஏழு நாள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு நனைந்து, வெயிலில் காயவைத்ததில் பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. அடுத்த முறை என்ன செய்வது?
(கோயில்பிள்ளை, திருநெல்வேலி மாவட்டம்)

பதில்: வெயிலில் வைத்ததுதான் தவறு. தாள் சுருங்கி, பசை இளகி ஒட்டிக்கொள்ளும். நனைந்த பதிவேட்டைத் திறக்க முயலாமல் மூடியபடியே கிடையாக எடுங்கள். நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் சுற்றிப் போகும்படி வையுங்கள். தானாகப் பிரிகிற பக்கங்களுக்கு நடுவே மட்டும் அச்சில்லாத உறிஞ்சுதாளைச் செருகி, ஈரமாக ஈரமாக மாற்றுங்கள். செய்தித்தாளின் மை இறங்கும், அது வேண்டாம். இரண்டு நாளுக்குள் காயாது என்று தெரிந்தால் பாலித்தீனில் சுற்றி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்காது. ஆவணக் காப்பாளர் வந்து பார்க்கும்வரை அப்படியே இருக்கலாம்.

ஒட்டிப்போன பழைய பதிவேட்டை நீங்களே பிரிக்க வேண்டாம். மழைக்காலம் தொடங்கும் முன் மீதிப் பதிவேடுகளின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படமெடுத்து, ஒரு பிரதியை ஊருக்கு வெளியே வையுங்கள். எச்சரிக்கை வந்த அன்று நற்கருணைப் பாத்திரங்களை எடுத்து வைக்கும் கையோடு பதிவேடுகளையும் இரட்டைப் பாலித்தீனில் கட்டி மேல்மாடிக்கு ஏற்றுங்கள். வீட்டையும் காகிதங்களையும் வெள்ளத்தில் விட்டவர்கள் மறுவாரமே சான்றிதழ் கேட்டு உங்களிடம்தான் வருவார்கள்.