கேள்வி பதில்: ஹைன் மரகதத் தட்டான்

(அமெரிக்காவின் வட ஈரநிலங்களில் வாழும் இந்தப் பச்சைக்கண் தட்டானைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.)

கேள்வி: எங்கே பார்க்கலாம்?

விஸ்கான்சின் மாநிலத்தின் டோர் கவுன்டியில். ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முழுக்க நல்ல சமயம். பெய்லிஸ் ஹார்பரில் உள்ள தி ரிட்ஜஸ் சரணாலயத்தில் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பாதையை விட்டுச் சேற்றில் இறங்காதீர்கள், லார்வாக்கள் (இறக்கை முளைக்காத இளம் பருவம்) அங்கேதான் இருக்கின்றன.

கேள்வி: கொட்டுமா?

கொட்டாது. எந்தத் தட்டானுக்கும் விஷக்கொடுக்கு கிடையாது.

கேள்வி: மற்ற ஈரநிலங்களில் ஏன் இல்லை?

டோலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் போன்ற பாறை மேலாக இருக்கும் இடமாகப் பார்த்து வாழ்கிறது. பாறை வழியே கசியும் சுண்ணாம்புச் சத்துள்ள ஊற்றுநீர் கோரைகளுக்கு நடுவே மெல்ல ஓட வேண்டும். குவாரி தோண்டினாலோ, நிலத்தடி நீரை அளவில்லாமல் இறைத்தாலோ கசிவு நின்றுவிடும். 1931-இல் இதற்குப் பெயரிட்டபோது ஆய்வாளர் கையில் இருந்த தட்டான்கள் ஒஹையோ மாநிலத்தில் பிடித்தவை. இன்று அங்கே ஒன்றுகூட இல்லை. ஒரு காலத்தில் இந்த இனமே அடியோடு அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1988-இல் இல்லினாய் மாநிலத்தில் மறுபடி தென்பட்டது. 1995-இல் அமெரிக்க அரசு இதை அழியும் நிலையில் உள்ள இனமாக அறிவித்தது.

கேள்வி: கிரேஃபிஷ் இதன் லார்வாவைத் தின்னுமாமே? அவற்றை அகற்றினால் என்ன?

தயவுசெய்து வேண்டாம். இறால் மாதிரி உடம்பும் நண்டு போலக் கவ்வும் கால்களும் கொண்ட இந்தக் கிரேஃபிஷ், ஈரமண்ணில் நிலத்தடி நீரைத் தொடும்வரை வளை தோண்டும். லார்வா நாலைந்து வருடம் நீரில் வாழ வேண்டியது. கோடையில் ஓடை வற்றும், குளிர்காலத்தில் மேல்நீர் உறையும். அப்போதெல்லாம் அதற்கு இருக்கிற ஒரே புகலிடம் அந்த வளைதான். முடி அடர்ந்த பழுப்பு உடம்பில் சேறு அப்பியபடி லார்வா உள்ளே ஒண்டிக் கிடக்கும். இரை நெருங்கினால் மடித்து வைத்திருக்கும் கீழுதட்டை நீட்டிக் கவ்விக்கொள்ளும்.

கேள்வி: தின்கிற பிராணியின் வீட்டிலேயே புகலிடமா? முரணாக இருக்கிறதே.

முரண் இல்லை. கிரேஃபிஷ் சில லார்வாக்களைத் தின்னும், உண்மைதான். ஆனால் வளை இல்லாத இடத்தில் ஓடை வற்றினால் மொத்தமும் போய்விடும். தின்றது போக மிஞ்சுவதுதான் அடுத்த தலைமுறை.

கேள்வி: அப்படியானால் வளைக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் குழாயைப் புதைத்துவிடலாமே?

நீர்மட்டம் இறங்கினால் குழாய் கூடவே இறங்காது. கிரேஃபிஷ் இன்னும் ஆழமாகத் தோண்டும். வருடா வருடம் அந்த வேலையை யார் செய்வது? குழாய்க்கு ஆகும் பணத்தில் ஊற்று கிளம்பும் நிலத்தை வாங்கிப் பாதுகாக்கலாம்.

கேள்வி: தட்டான் கடிக்குமா?

கொட்டாது என்று மேலே சொல்லிவிட்டேன். கையில் பிடித்தால் கவ்வப் பார்க்கும். பிடிக்கவே கூடாது, சட்டப்படி குற்றம்.

கேள்வி: பச்சைக்கண் தட்டான் ஒன்றைப் படம் எடுத்தேன். இதுவா?

கண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. இதன் உறவுக்கார இனங்கள் பலவற்றுக்கும் பச்சைக் கண்தான். மார்பின் பக்கவாட்டில் இரண்டு மஞ்சள் பட்டைகள் இருக்கின்றனவா பாருங்கள். ஆணா இருந்தால் வால்நுனி உறுப்புகள் தெரியும்படி இன்னொரு படம் வேண்டும். அதற்காகச் சேற்றில் இறங்க வேண்டாம்!

கேள்வி: வீட்டுக் குளத்தில் வளர்க்கலாமா?

முடியாது. பாறை ஊற்றுநீரும் கிரேஃபிஷ் வளையும் வேண்டும் என்று முன்பே சொன்னேன்; பிடிப்பதும் குற்றம்.

கேள்வி: சாதாரண ஆள் என்ன செய்ய முடியும்?

வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். இவை சாலையைத் தாழ்வாகக் கடக்கும்போது காரில் மோதிச் சாகின்றன. ஈரநிலத்தை ஒட்டிய சாலை என்றால் ஜூன், ஜூலை பகல் வேளைகளில் வேகத்தைக் குறைத்தே போங்கள்.