கேளுங்கள் டீச்சர்: முதல் நாளே இரண்டாம் வகுப்பு

கொரோனாவால் மூடியிருந்த பள்ளிகள் 2022 பிப்ரவரி 1 அன்று மீண்டும் திறந்த பிறகு வந்த கடிதங்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் 34 ஆண்டுகள் வேலை பார்த்தவள் நான். அவற்றில் பெரும்பகுதி ஒன்றாம் வகுப்பில் கழிந்தது. அதனால் சின்னப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டால் என் பதில் நீண்டுவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் இரண்டாம் வகுப்பு. 2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்தோம். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் அவன் முதன்முதலாகக் கால் வைத்தது 2021 நவம்பர் 1 அன்றுதான். அதற்குப் பிறகும் தீபாவளி, மழை விடுமுறை, ஜனவரியில் மறுபடி மூடல். கரும்பலகையில் இருப்பதை அச்சு மாதிரி எழுதி வருகிறான். "இது என்ன எழுத்து?" என்று விரலை வைத்துக் கேட்டால் விழிக்கிறான். அடித்தும் பார்த்துவிட்டேன். நான் தையல் வேலை செய்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல்தான் கை ஓயும். டியூஷன் வைக்கட்டுமா? — ஒரு தாய், அருப்புக்கோட்டை

அவன் எழுதவில்லை அம்மா, வரைகிறான். பக்கத்து வீட்டுக் கோலத்தைப் பார்த்து அப்படியே போடுகிற குழந்தையைப் போல, கரும்பலகையைப் பார்த்துப் போடுகிறான். அதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது: கண்ணும் கையும் ஒன்றுக்கொன்று பழகிவிட்டன. ஓசைதான் இன்னும் வந்து சேரவில்லை. ஓசையை வாயால்தான் கொடுக்க முடியும். ஒன்றாம் வகுப்பில் ஓர் ஆண்டு முழுக்க நாங்கள் செய்கிற வேலை அதுதான். அந்த ஓர் ஆண்டு உங்கள் மகனுக்குக் கிடைக்கவே இல்லை. கிடைக்காத ஒன்றை அவன் மறந்துவிட்டதாக நினைத்து அடித்திருக்கிறீர்கள். இனி அடிக்காதீர்கள். இன்றிரவே அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "உனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை, நாம் இரண்டு பேரும் சேர்ந்து படிப்போம்" என்று சொல்லுங்கள். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.

நீங்கள் தையல்காரர் என்பது எவ்வளவு வசதி தெரியுமா? உங்களிடம் இருக்கிற பொருளே போதும். வெட்டியது போக மிஞ்சும் துணியில் ட, ப, ம என்ற மூன்று எழுத்துகளை உள்ளங்கை அளவுக்கு வெட்டுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு. "அ"வில் தொடங்க வேண்டாம். சுழி, வளைவு, கோடு எல்லாம் அந்த ஒரே எழுத்தில் இருக்கின்றன, பென்சில் பிடித்துப் பழகாத கைக்கு அது மலையேற்றம். ட என்றால் இரண்டு கோடு. ப என்றால் மூன்று கோடு. ம அதற்கு அடுத்த படி. துணி எழுத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே அவன் ஓசையைச் சொல்ல வேண்டும்.

பிறகு இரண்டு பொத்தான்களை எடுங்கள். அவைதாம் புள்ளி. ம-வின் தலையில் பொத்தானை வைத்தால் உதடு மூடிக்கொள்ளும்: ம். எடுத்துவிட்டால் உதடு திறக்கும்: ம. இதை அவன் கண்ணாடியில் தன் வாயைப் பார்த்துக்கொண்டே செய்யட்டும். மெய்யெழுத்து என்றால் என்ன என்பதை இதைவிட எளிதாக நான் யாருக்கும் விளக்கியதில்லை. இந்த ஆறு துண்டுகளும் இரண்டு பொத்தான்களும் இருந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று நான்கு சொற்கள் உண்டாகும். ஒரு நாளைக்கு ஒரு சொல். அவனே தனியாக அடுக்கி, தனியாகப் படித்த பிறகுதான் அடுத்தது. ஒரு சொல்லுக்கு மூன்று நாள் ஆனாலும் ஆகட்டும். அதற்கடுத்து வ, ய, ல சேர்த்தால் வயல், வடம், பல் என்று வீடு முழுக்கச் சொல் நிறையும். தையல் சுண்ணக்கட்டியால் கறுப்புத் துணியில் எழுதவும் கொடுங்கள். பென்சிலைவிட அது சின்ன விரலுக்கு இதமாக இருக்கும்.

கால் மணி நேரம் போதும். கண் சொக்கினால் விட்டுவிடுங்கள்.

டியூஷனுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். உங்கள் தெருவில் "இல்லம் தேடிக் கல்வி" மையம் இருக்கிறதா என்று பள்ளியில் கேளுங்கள். எங்கள் மாவட்டத்தில், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில்தான் 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்கு மாலையில், அந்தந்தத் தெருவிலேயே, கட்டணம் இல்லாமல் நடத்தத் தொடங்கிய வகுப்பு அது. எங்கள் தெரு மாரியம்மன் கோயில் திண்ணையில் ஒரு பெண் நடத்துகிறாள். தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று தொடங்கினார்கள். பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பெண் அவள். பிள்ளைகள் "அக்கா, அக்கா" என்று மொய்க்கிறார்கள். டீச்சர் என்றால் பயப்படுகிற பிள்ளைகூட அக்காவிடம் தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்கிறது. போய்ப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

பனியன் கம்பெனி வேலை போனதால் மகளைத் தனியார் பள்ளியிலிருந்து எடுத்து அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்த்தோம். பழைய பள்ளியில் கட்டணப் பாக்கி இருப்பதால் மாற்றுச் சான்றிதழ் தர மறுக்கிறார்கள். இவளை வெளியே அனுப்பிவிடுவார்களா? — ஒரு தந்தை, திருப்பூர்

அனுப்ப முடியாது. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 5-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. கணினிப் பதிவில் மகளின் பெயர் பழைய பள்ளியிலேயே நின்றுபோயிருந்தால் தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு கொடுங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்திருங்கள். 14417 என்ற கல்வி உதவி எண்ணிலும் கேட்கலாம். கட்டணப் பாக்கி உங்களுக்கும் அந்தப் பள்ளிக்கும் இடையிலான கணக்கு. குழந்தையின் காதில் அந்தப் பேச்சு விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நான்காம் வகுப்பு. சென்ற ஆண்டு மே மாதம் என் அப்பா கொரோனாவில் போய்விட்டார். கட்டி மூடிக் கொடுத்தார்கள், நேராகச் சுடுகாடு. பள்ளி திறந்ததிலிருந்து மகள் ஓயாமல் கை கழுவுகிறாள், தோல் உரிந்துவிட்டது. பள்ளி விட்டு வந்ததும் பாட்டி பக்கத்தில் போவதே இல்லை. "என்னால் பாட்டியும் செத்துப்போவார்கள்" என்று ஒரு நாள் இரவு சொன்னாள். அதட்டினால் சரியாகுமா? — ஒரு நெசவாளர், ஆரணி

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். என் அண்ணனும் அதே மே மாதம்தான் போனார். முகம் பார்க்கவில்லை. 60 வயதைத் தாண்டிய எனக்கே, அவர் ஊருக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று விடியற்காலையில் தோன்றும். ஒன்பது வயதுக் குழந்தை என்ன செய்யும்?

அதட்டாதீர்கள். "என்னால் பாட்டியும்" என்றாளே, அந்த "உம்"மைக் கவனித்தீர்களா? தாத்தா தன்னால் போனார் என்று அவள் முடிவு கட்டி வைத்திருக்கிறாள். குழந்தைகளால்தான் பெரியவர்களுக்குத் தொற்றும் என்று அந்த நாள்களில் நாம் எல்லோரும் வீட்டுக்குள் பேசினோம், குழந்தை கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தறி ஓடாத ஒரு பொழுதில் அவளைத் தனியாக அழைத்துக்கொண்டு போய், "தாத்தாவுக்கு எப்படி வந்தது என்று நீ நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அவள் சொல்லி முடிக்கட்டும். தாத்தாவின் மடியில் படுத்தது, அவர் குடித்த டம்ளரில் தண்ணீர் குடித்தது என்று ஏதாவது ஒன்று வரும். வந்த பிறகு சொல்லுங்கள்: அந்த மே மாதம் ஊரெங்கும் நோய் பரவியிருந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது, நோய் வந்தது உன் தப்பு இல்லை. ஒரு தடவை சொன்னால் போதாது. பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

பாட்டி தடுப்பூசி போட்டிருந்தால் அந்தச் சான்றிதழை மகள் கையிலேயே கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். போடவில்லை என்றால் மகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாட்டிக்குப் போடுங்கள். பள்ளியிலிருந்து வந்ததும் ஒரு முறை, சாப்பிடும் முன் ஒரு முறை கை கழுவுவது என்று அவளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். கழுவி முடித்ததும் பாட்டியே தேங்காயெண்ணெய் தடவிவிடட்டும். பாட்டியின் கை அவள்மேல் படுவதற்கு அது ஒரு வழி.

அவளுக்குத் தாத்தாவை வழியனுப்ப வாய்ப்பே கிடைக்கவில்லை. வருகிற அமாவாசைப் படையலில் அவர் விரும்பிச் சாப்பிட்டதை அவளே இலையில் வைக்கட்டும். விளக்கையும் அவளே ஏற்றட்டும். அழுதால் "அழாதே" என்று தடுக்காதீர்கள், நீங்களும் அழுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் கை கழுவுவது குறையவில்லை என்றாலோ, தூக்கம் கெட்டாலோ, மாவட்டத் தலைமை மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 104 என்ற மருத்துவ உதவி எண்ணில் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்ப்பதற்கு வெட்கப்படுகிறோமா?

என் தங்கை மகன் எட்டாம் வகுப்பு, 13 வயது. ஊரடங்கில் விசைத்தறிக் கூடத்தில் தார் (தறி நாடாவில் வைக்கும் நூல் குழல்) சுற்றப் போனான். நாளுக்கு 200 ரூபாய். பள்ளி திறந்தும் போக மாட்டேன் என்கிறான். "படித்து என்ன ஆகப்போகிறது?" என்று பெரிய மனிதன் மாதிரி பேசுகிறான். — ஒரு தாய்மாமன், பள்ளிபாளையம்

மாமா, முதலில் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். தறி முதலாளியிடம் யாராவது முன்பணம் வாங்கியிருக்கிறார்களா? உங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம் உங்களுக்கே தெரியும். பல வீடுகளில் "போக மாட்டேன்" என்பது பையனின் சொல் அல்ல, கடன் பேசுகிற சொல். அப்பாவுக்கு வேலை இல்லாத வீட்டில், தான் கொண்டுவரும் 200 ரூபாயில்தான் அரிசி வருகிறது என்று அறிந்த பிள்ளை, பள்ளிக்குப் போக ஆசை இருந்தாலும் வெளியே சொல்லாது. அந்தப் பெருந்தன்மையை முதலில் மதியுங்கள்.

14 வயது நிரம்பாத பிள்ளையைத் தறிக்கூடத்தில் வேலைக்கு வைப்பது குற்றம். முன்பணத்தைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பதும் 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். முதலாளியிடம் நீங்களே பேசுங்கள். மசியவில்லை என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழையுங்கள். எட்டாம் வகுப்பு வரை ஆண்டின் எந்த நாளிலும் பள்ளியில் சேர்த்துக்கொள்ள வேண்டும், தேர்வு வைத்துத் தடுக்க முடியாது. பள்ளியில் சாப்பாடும் புத்தகமும் பஸ் பாஸும் கிடைக்கும் என்றாலும், 200 ரூபாய்க்கு அவை ஈடாகா. அந்தப் பள்ளத்தை நிரப்பத் தாய்மாமனாக உங்களால் மாதம் எவ்வளவு முடியும் என்று தங்கையிடம் ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் பிறகு பையனிடம் பேசுங்கள். வெறுங்கையோடு புத்தி சொல்லப் போகாதீர்கள்.

இன்னொன்று, வெட்கம். இரண்டு ஆண்டில் உயரம் கூடியிருக்கும், குரல் உடைந்திருக்கும், வாய்ப்பாடு மறந்திருக்கும். என் பள்ளியில் செங்கல் சூளைக்குப் போய்விட்டுப் பாதி ஆண்டில் திரும்பிய ஒரு பையன் மூன்று நாள் வேப்பமரத்தடியிலேயே நின்றான். நான்காம் நாள் அவனிடம் போய், ஒரு சூளைக்கு எத்தனை கல், ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு கூலி என்று கேட்டேன். மனக்கணக்காகவே சொன்னான். "இதைத்தான் உள்ளே பலகையில் போட்டுக்கொண்டிருக்கிறேன், வந்து போட்டுக் காட்டு" என்றேன். வந்தான். உங்கள் மருமகனுக்கு நூல் கணக்கும் கூலிக் கணக்கும் தெரியும். கணக்கு ஆசிரியரிடம் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முதல் நாள் கூடப் போக அவன் பழைய பெஞ்சுக் கூட்டாளிகள் இரண்டு பேரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அம்மாவோ மாமாவோ கையைப் பிடித்துக் கூட்டிப்போனால் அந்த வயதில் அவமானம்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை நான். 28 பிள்ளைகள். ஒன்பது பேர் வாசிக்கிறார்கள். மீதி 19 பேருக்கு எழுத்தே திடமில்லை. விட்டுப்போன பாடங்களை ஈடுகட்டக் கொடுத்த புத்தாக்கப் பயிற்சிக் கட்டகம் ஒரு பக்கம், பாடம் ஒரு பக்கம், பதிவேடுகள் ஒரு பக்கம். வீட்டுக்குப் போனதும் அழுகை வருகிறது. — ஓர் ஆசிரியை, கடலூர் மாவட்டம்

தங்கையே, அழுகை வருவதில் தவறே இல்லை. பிள்ளைகளை நினைத்து வருகிற அழுகை அது. ஆனால் 19 பேரையும் ஒரே கூட்டமாகப் பார்க்காதீர்கள். ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஓசை தெரியாதவர்கள், ஓசை தெரிந்தும் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள், கூட்டத் தெரிந்தும் கொம்பிலும் காலிலும் தடுக்கி விழுபவர்கள் என்று மூன்றாகப் பிரிவார்கள். கடைசிக் கூட்டம் ஒரு மாதத்தில் எழுந்துவிடும். அவர்களை முதலில் தூக்கிவிடுங்கள், உங்களுக்கும் தெம்பு வரும்.

தினமும் முதல் ஒரு மணி நேரம் வகுப்பின் பெயரை மறந்துவிட்டு இந்தப் பிரிவின்படி உட்கார வையுங்கள். வாசிக்கத் தெரிந்த ஒன்பது பேரை மற்றவர்களுக்கு வாத்தியாராக்கிவிடாதீர்கள். அவர்களும் இரண்டு ஆண்டை இழந்தவர்கள்தாம், அவர்களுக்குக் கதைப்புத்தகம் வேண்டும். கடைசிப் பாடவேளையில் நீங்களே ஒரு கதையைக் குரல் மாற்றி வாசியுங்கள். முகக்கவசம் போட்ட வாயிலிருந்து ஓசை சரியாகப் பிரிந்து வராது. ஆகவே ஓசை சொல்லித் தரும்போது மட்டும் வகுப்பைவிட்டு வெளியே மரத்தடிக்கு வந்து, தள்ளி நின்று, கவசத்தை இறக்கி உதடு தெரியச் சொல்லுங்கள்.

பார்வைக்கு அதிகாரி வந்தால் 28 பேரின் பெயரும், யார் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்பதும் எழுதிய ஒரு தாளை முதலில் நீட்டுங்கள். "பாடம் எவ்வளவு முடிந்தது?" என்ற கேள்விக்கு அதுதான் உங்கள் பதில். அந்தத் தாளின் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள், பெயர்கள் வேண்டாம், எண்ணிக்கை போதும். ஏப்ரல் கடைசியில் இன்னொரு தாள் அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்து என்ன செய்யலாம் என்று எழுதுகிறேன்.