அட்டையில் 37 பேர், டிஸ்கில் எத்தனை பேர்?

கேள்வி: தம்பி காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறான். வீட்டில் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. மார்ட்டல் காம்பாட் 11 வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் பழைய ஸ்டாண்டர்ட் டிஸ்க் 900 ரூபாய் சொல்கிறார்கள். அதே கேமின் அல்டிமேட் எடிஷன், அதுவும் பழசுதான், 1,900. ஒரே கேமுக்கு ஆயிரம் ரூபாய் வித்தியாசம் ஏன்? எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், அம்மாபேட்டை

பதில்: நீங்கள் சொன்ன விலைக்கு ஸ்டாண்டர்டை வாங்குங்கள். அல்டிமேட் மோசம் என்பதால் சொல்லவில்லை, அது பழைய டிஸ்க் என்பதால் சொல்கிறேன்.

இந்த கேம் 2019 ஏப்ரலில் வந்தது. இது இருவர் மோதும் சண்டை கேம்; நாம் தேர்ந்தெடுத்து ஆடும் கதாபாத்திரங்கள் அப்போது 25 பேர். அந்த 25-லும் ஷாவ் கான் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் இனாம், மற்றவர்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஃப்ராஸ்ட் என்ற பெண் கதைப் பகுதியை விளையாடிக்கொண்டே போனால் கிடைப்பாள். அதன் பிறகு தவணை முறையில் ஆள் சேர்த்தார்கள். முதல் காம்பாட் பேக்கில் ஆறு பேர்: ஷாங் சுங், நைட்வுல்ஃப், டெர்மினேட்டர், சிண்டெல், ஜோக்கர், ஸ்பான். 2020 மே மாதம் ஆஃப்டர்மாத் என்ற தொடர்கதையோடு ஃபுஜின், ஷீவா, ரோபோகாப். அதே ஆண்டு நவம்பரில் இரண்டாவது பேக்காக மிலீனா, ரெய்ன், ராம்போ. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியதுதான் அல்டிமேட். மொத்தம் 37 பேர்.

நடுவில் இன்னும் இரண்டு பெட்டிகள் உண்டு. பிரீமியம் என்று போட்டிருந்தால் முதல் பேக் மட்டும்தான். ஆஃப்டர்மாத் கலெக்‌ஷன் என்றால் 34 பேர். மிலீனா, ரெய்ன், ராம்போ அதில் கிடையாது. கடைக்காரர் இதையும் "ஃபுல் எடிஷன் சார்" என்று நீட்டினால் வாங்கிவிடாதீர்கள். ஒருவேளை அவருக்கே வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம்.

ஸ்டாண்டர்ட் வாங்கினால் சண்டையில் எதுவும் குறையாது. அடி, உதை, கதை, கோபுரங்கள் (அடுத்தடுத்து எதிரிகளோடு மோதும் சுற்றுகள்) எல்லாம் அதே கேம்தான். ஆஃப்டர்மாத் வந்தபோது புதுக் களங்களையும், எதிரியைக் கொல்லாமல் வேடிக்கை காட்டி முடிக்கும் ஃப்ரெண்ட்ஷிப்பையும் எல்லோருக்கும் இலவச அப்டேட்டாகவே கொடுத்தார்கள். ஆன்லைனில் எதிராளி ராம்போவை எடுத்து வந்தால் ஸ்டாண்டர்ட் வைத்திருக்கும் உங்கள் தம்பி அவரோடு மோதலாம். ராம்போவாக விளையாட முடியாது, அவ்வளவுதான். ஆக, அந்த ஆயிரம் ரூபாய் ஷாவ் கானுக்கும், பிறகு சேர்ந்த 12 ஆட்களுக்கும், ஒரு தொடர்கதைக்கும். அதில் ஐந்து பேர் வெளியிலிருந்து வந்த விருந்தாளிகள். டெர்மினேட்டரும் ரோபோகாப்பும் மோதுவதைப் பார்க்க ஆசை என்றால் காசுக்கு மோசமில்லை. முதல் 25 பேரில் ஒருவனான ஸ்கார்ப்பியனையே எப்போதும் எடுப்பவன் என்றால் வீண்செலவு.

பழைய டிஸ்கில் ஆபத்து எங்கே என்று கேட்டால், சண்டை கேம்களின் 'எல்லாம் அடங்கிய' பெட்டிகள் பலவற்றில் டிஸ்கில் இருப்பது அடிப்படை கேம் மட்டும். கூடுதல் ஆட்கள் உள்ளே வைத்திருக்கும் ஒரு துண்டுச் சீட்டில் இருப்பார்கள். அதில் 12 எழுத்துக் குறியீடு அச்சிட்டிருக்கும். அதை ஒரு கணக்கில் ஒருமுறைதான் போட முடியும். முதலில் வாங்கியவர் போட்டுவிட்டால் அந்த ஆட்கள் அவர் கணக்கோடு போய்விட்டார்கள். பிறகு அந்த டிஸ்க் உங்கள் கைக்கு வரும்போது அட்டையில் மட்டும்தான் அல்டிமேட். அதனால் கடையிலேயே டிஸ்கைப் போட்டு, புதிதாக ஒரு யூசர் திறந்து, ஆள் தேர்வு செய்யும் திரையைக் காட்டச் சொல்லுங்கள். கடைக்காரரின் சொந்தக் கணக்கில் காட்டினால் ஏற்காதீர்கள். அந்த மெஷின் வேறொருவர் கணக்கின் ப்ரைமரியாக (முதன்மை மெஷினாகப் பதிவானதாக) இருந்தாலும் ஆட்கள் திறந்தே தெரிவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காட்ட மறுத்தால் ஸ்டாண்டர்ட் விலைக்குத்தான் அதைக் கேட்க வேண்டும்.

பின்னட்டையின் மூலையில் உள்ள வயது முத்திரையையும் பாருங்கள். 18 என்ற எண் இருந்தால் ஐரோப்பியப் பதிப்பு, அதில் சிக்கல் இல்லை. எம் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அமெரிக்கப் பதிப்பு. அமெரிக்க டிஸ்கும் ஓடும், ஆனால் இந்தியக் கணக்கில் பின்னால் காசு கொடுத்து வாங்கும் ஆட்கள் அதில் சேரமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் பெட்டியில் வந்து இறங்கும் டிஸ்குகளில் இந்தத் தலைவலி சகஜம்.

ஸ்டாண்டர்டை வாங்கி ஒரு மாதம் ஆடட்டும். பிறகும் ஆசை தீரவில்லை என்றால் பிளேஸ்டேஷன் ஸ்டோரில் தள்ளுபடி வரும்போது கூடுதல் ஆட்களை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். இந்த கேமுக்கு இனி ஆள் சேர்க்கமாட்டோம் என்று 2021-லேயே அறிவித்துவிட்டார்கள், அதனால் காத்திருப்பதில் நஷ்டமில்லை. அடுத்த கேமான மார்ட்டல் காம்பாட் 1, 2023-ல் வந்தது. அது பிளேஸ்டேஷன் 4-க்குக் கிடையாது.

'கம்ப்ளீட்' என்ற பேச்சை எல்லா கேமிலும் இப்படி நம்பிவிட முடியாது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5, 2016-ல் 16 பேரோடு வந்தது. 2018-ல் ஆர்கேட் எடிஷன். 2020-ல் 40 பேரோடு சாம்பியன் எடிஷன். அதை வாங்கியவர்கள் நிம்மதியாக உட்கார்ந்த பிறகு இன்னும் ஐந்து பேர் வந்தார்கள், தனிக் காசுக்கு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல் இரண்டு வருட ஆட்களைச் சேர்த்து ஒரு பெட்டி விட்டார்கள்; மூன்றாம் வருடம் சகாத் வந்துவிட்டான். ஆள் சேர்ப்பு நடக்கும்வரை பெரிய பெட்டிக்கு அவசரப்படாதீர்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் உண்டா? மார்ட்டல் காம்பாட் 11, 18 வயது கேம். முதுகெலும்பை உருவுவதெல்லாம் குளோசப்பில் வரும். அவர்களும் கன்ட்ரோலரைப் பிடிப்பார்கள் என்றால் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 பக்கம் போங்கள்.

கேள்வி: நாங்கள் ஏற்காட்டில் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். மழை பிடித்தால் நெட் போய்விடும். எங்களுக்கும் அதே கேம், அதே மெஷின். எந்த எடிஷன் சரி?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: உங்களுக்கு எடிஷனைவிட டவுன்லோட்தான் பிரச்சினை. டிஸ்கில் எல்லாம் இருந்தாலும் அப்டேட் கேட்கும். குறியீட்டுச் சீட்டு என்றால் சொல்லவே வேண்டாம். சேலத்தில் ஃபைபர் இணைப்பு உள்ள சொந்தக்காரர் வீடு இருக்கும். மெஷினைத் துணியில் சுற்றி, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, ஒரு ராத்திரி அங்கே ஓடவிடுங்கள். உள்ளே இடம் போதாவிட்டால் 250 ஜிபிக்குக் குறையாத யுஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க் மாட்டலாம்.

கிளம்பும் முன் செட்டிங்ஸில், அக்கவுண்ட் மேனேஜ்மென்ட் பகுதியில், அந்த மெஷினை உங்கள் கணக்கின் ப்ரைமரி பிளேஸ்டேஷனாகப் பதிவு செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் மேலே வந்ததும் நெட் இல்லாதபோது காசு கொடுத்து வாங்கிய ஆட்கள் எல்லாம் பூட்டிக்கொள்வார்கள். பதிவு செய்தால் நெட் இல்லாமலும் திறக்கும், வீட்டில் மற்ற யூசர்களுக்கும் திறக்கும்.

கதையும், பக்கத்தில் உட்கார்ந்து இருவர் மோதுவதும் நெட் இல்லாமலே ஓடும். கிரிப்ட் என்ற புதையல் பகுதியும் காலக் கோபுரங்களும் சர்வரோடு பேசாமல் திறக்காது. நெட் போகிற வீட்டில் ஆஃப்டர்மாத் கதை உட்பட உள்ள அல்டிமேட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு உண்டு என்பேன். சீட்டு கிழிக்காத புதுப் பெட்டியாக இருக்கட்டும்.

கேள்வி: கம்ப்ளீட் என்று சொல்லி விற்ற டிஸ்கில் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தியது. கடையில் கேட்டால் பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று இருப்பதைக் காட்டுகிறார்கள்.
– ஒரு வாசகர், சூரமங்கலம்

பதில்: அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கி, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படியே. 'கம்ப்ளீட் எடிஷன்' என்று பில்லில் எழுதியிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். இல்லையென்றால் கடைக்காரரோடு நடந்த வாட்ஸ்அப் பேச்சை அழிக்காமல் வைத்திருங்கள். 'இந்தக் குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது' என்று திரையில் வருவதையும் போட்டோ எடுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பெரும்பாலும் கடைக்காரர் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார். வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனுப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. ஆன்லைனில் வேறு ஊர்க் கடையில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.