பிலிப்பினோ மக்களின் தேசியக் கனவை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னால் என்ன எழுதுவீர்கள்?

அமெரிக்கக் கனவு என்கிறார்களே, அதுபோல பிலிப்பைன்ஸ் நாட்டு மக்களான பிலிப்பினோக்களுக்கும் சுருக்கமாக ஒரு கனவு வாசகம் வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம்.

"குடும்பம் பிழைப்பதற்காக யாரும் ஊரை விட்டுப் போக வேண்டியிராத நாடு."

நான் பிலிப்பினோ இல்லை. துபாயில் சரக்குப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் வேலை. எங்கள் ஆவணப் பிரிவில் பெரும்பாலும் அவர்கள்தான். சம்பளம் வந்த அன்று வீட்டுக்குப் பணம் அனுப்ப நம்மோடு அதே வரிசையில் நிற்பவர்கள். மதியச் சாப்பாட்டின்போது அவர்கள் நாட்டுத் தேர்தல், புயல், தங்கையின் கல்லூரிக் கட்டணம் எல்லாம் காதில் விழும். அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன்.

நீங்கள் கேட்கிற வேலையை அவர்களுடைய அரசே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. 'அம்பிஷோன் நாதின் 2040' என்று பெயர். பொருளாதாரத் திட்டமிடலுக்கான நேடா என்ற அரசு அமைப்பு அதிபர் பெனிக்னோ அக்கினோ காலத்தில் தொடங்கியது. 2016 அக்டோபரில், அவருக்கு நேர் எதிரான அரசியல் செய்த டுடெர்டே அதிபராக வந்து நிர்வாக ஆணை போட்டு ஏற்றுக்கொண்டார். முந்தைய ஆட்சியின் திட்டத்தை அடுத்த ஆட்சி குப்பையில் போடாதது அங்கே மட்டுமல்ல, எங்கேயும் அபூர்வம்தான்.

அந்தத் திட்டத்துக்காக நாடு முழுவதும் சுமார் 10,000 பேரிடம் எப்படிப்பட்ட வாழ்க்கை வேண்டும் என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட 10-ல் 8 பேர் எளிமையான, வசதியான வாழ்க்கை போதும் என்றார்கள். பெரும் பணக்காரர் ஆக வேண்டும் என்றவர்கள் மிகச் சிலர். எளிமையான வசதி என்றால் என்ன என்பதற்கும் பட்டியல் இருக்கிறது: நடுத்தர அளவில் சொந்த வீடு, ஒரு வண்டி, அன்றாடச் செலவுக்குப் பணம், பிள்ளைகளுக்குக் கல்லூரிப் படிப்பு, அவ்வப்போது சொந்த நாட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுலா. அந்தக் கடைசி ஆசையைப் படித்தபோது எங்கள் அலுவலக ஆட்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். தங்கள் நாட்டுப் பாலவான் தீவின் கடற்கரையைக் கணினித் திரையில் படமாக வைத்திருப்பார்கள். நேரில் பார்த்தவர்கள் குறைவு. விடுமுறை முழுக்க வீட்டு வேலையிலும் உறவினர் வீடுகளிலும் போய்விடும்.

இவ்வளவு தெளிவாக மக்கள் சொன்னதை வைத்துக்கொண்டு குழு எழுதிய வாக்கியம் ஏறக்குறைய இப்படி: 2040-க்குள் பிலிப்பைன்ஸ் வளமான, பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்தினர் கொண்ட, ஏழைகளே இல்லாத சமுதாயமாக இருக்கும்; மக்கள் நீண்ட ஆயுளோடும் ஆரோக்கியத்தோடும் வாழ்வார்கள்; அறிவும் புத்தாக்கமும் உள்ளவர்களாக, ஒருவரையொருவர் நம்பும் சமுதாயத்தில் இருப்பார்கள். தப்பே இல்லை. ஆனால் மனப்பாடமாகச் சொல்லும் ஒரு பிலிப்பினோவை நான் இதுவரை சந்திக்கவில்லை. இதன் சுருக்க வடிவம் 'மாதாதாக், மாகின்ஹாவா, பானாதாக்' என்ற மூன்று சொற்கள்: வேரூன்றிய, வசதியான, நிம்மதியான வாழ்க்கை. நல்ல சொற்கள்தான். ஆனால் காப்பீட்டு நிறுவனத்தின் நாள்காட்டியில் அச்சடித்தாலும் கச்சிதமாகப் பொருந்தும். அதுதான் குறை.

முழக்கங்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. 1972-இல் இராணுவச் சட்டம் கொண்டுவந்த பெர்டினாண்ட் மார்க்கோஸ் 'புதிய சமுதாயம்' என்றார். 1990-களில் அதிபர் ராமோஸ் 'பிலிப்பைன்ஸ் 2000' என்று ஆண்டையே பெயராக வைத்தார். 1997-இல் ஆசிய நிதி நெருக்கடி வந்து அதன் குறுக்கே நின்றது. இப்போதைய அதிபரான மார்க்கோஸின் மகன் 'புதிய பிலிப்பைன்ஸ்' என்கிறார். அதற்கென ஒரு பாட்டும் உறுதிமொழியும் எழுதி, அரசு அலுவலகங்களின் வாராந்திரக் கொடியேற்றத்தில் சொல்ல வேண்டும் என்று 2024-இல் உத்தரவும் வந்தது. இருப்பதிலேயே எனக்குப் பிடித்தது 2010 தேர்தலில் அக்கினோ சொன்னது: ஊழல் இல்லையென்றால் ஏழ்மை இல்லை. சின்ன வாக்கியம், நடந்ததா இல்லையா என்று யாரும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அது ஒரு வேட்பாளரின் சொத்து. அவர் பதவி முடிந்ததும் அதுவும் முடிந்தது.

1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி தேசிய முழக்கம் என்று ஒன்று தனியாக உண்டு: கடவுள், மனிதர், இயற்கை, நாடு நான்கின் மீதும் பற்று. தேசிய கீதமோ, நாட்டுக்கு இன்னல் வந்தால் அதற்காக உயிரைக் கொடுப்பதே எங்கள் மகிழ்ச்சி என்று முடிகிறது. இவையெல்லாம் மனிதன் நாட்டுக்கு என்ன தர வேண்டும் என்று சொல்கின்றன. கனவு வாசகம் நாடு அவனுக்கு என்ன தரும் என்று சொல்ல வேண்டாமா?

வெளிநாட்டு வேலையை ஏன் மையமாகப் பிடித்தேன் என்றால், அந்த நாட்டில் அது தொடாத குடும்பம் குறைவு. 1974-இல் தொழிலாளர் சட்டத்தின் மூலம் அரசே ஆள் அனுப்பத் தொடங்கியது. எண்ணெய் விலை ஏறிய காலம், வேலையில்லாத் திண்டாட்டம். தற்காலிக ஏற்பாடு என்றுதான் ஆரம்பம். இன்று ஒப்பந்த வேலையில் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் பேர் வெளியே இருக்கிறார்கள். 2024-இல் வெளிநாட்டில் வாழும் பிலிப்பினோக்கள் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பிய பணம் 3,800 கோடி டாலருக்கு மேல். நாட்டின் மொத்த உற்பத்தியில் சுமார் 8 சதவீதம்.

1995 மார்ச்சில் சிங்கப்பூரில் புளோர் கொன்டெம்பிளாசியோன் என்ற வீட்டுப் பணிப்பெண் தூக்கிலிடப்பட்டபோது நாடே கொந்தளித்தது. அதே ஆண்டு புலம்பெயர் தொழிலாளர் சட்டம் வந்தது. பொருளாதார வளர்ச்சிக்கான வழியாக வெளிநாட்டு வேலையை அரசு ஊக்குவிக்கவில்லை என்று அதில் எழுதியே வைத்தார்கள். சரி, அப்புறம் என்ன ஆனது? 2021 இறுதியில் புலம்பெயர் தொழிலாளருக்கென்றே தனி அமைச்சகம் அமைக்கச் சட்டம் போட்டார்கள். தொழிலாளிக்கு அது பாதுகாப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1995-இல் எழுதிய வரி மட்டும் சட்டப் புத்தகத்தோடு நின்றுபோனது. என் வாக்கியம் ஒருவகையில் அந்த வரியைத்தான் தூசி தட்டி எடுக்கிறது.

'நாட்டை விட்டு' என்று எழுதாமல் 'ஊரை விட்டு' என்று எழுதியது வேண்டுமென்றேதான். சாமார் தீவிலிருந்து மணிலாவுக்கு வந்து ஒண்டுக் குடித்தனம் நடத்துபவரும், மிண்டனாவோவில் சண்டைக்குப் பயந்து இடம்பெயர்ந்தவரும் கடவுச்சீட்டே எடுத்ததில்லை. அவர்களையும் சேர்க்காத தேசியக் கனவு எதற்கு?

அலுவலகத்தில் இதைச் சொன்னதும் இலோயிலோவைச் சேர்ந்த ஒருவர் உடனே மடக்கினார்: "ஊழலைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?" கேள்வி நியாயம். 2025-இல் வெள்ளத் தடுப்புப் பணிகளில் பணம் எடுக்கப்பட்டு, வேலை காகிதத்தில் மட்டுமே நடந்தது வெளிவந்து, செப்டம்பர் 21 அன்று மணிலாவில் பெருங்கூட்டம் தெருவுக்கு வந்தது. ஊழல் இருக்கும்வரை இந்த வாக்கியம் பலிக்காது, ஆகவே அதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்பது என் பதில். புலாக்கான் மாகாணத்தில் கட்டாத கரைக்குப் பணம் கொடுத்தால் ஊர் மூழ்கும், மூழ்கிய ஊரில் யார் இருப்பார்கள்? அவர் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் மணிலா வட்டாரத்துத் தகாலோக் மொழியில் எப்படிச் சொல்வது என்று அவரே உட்கார்ந்து செதுக்கித் தந்தார்: "பாயாங் ஹிண்டி கைலாங்காங் இவான் பாரா மாபூஹாய் ஆங் பமில்யா." செபு தீவைச் சேர்ந்தவர் மட்டும், தன் ஊர்ப் பிசாயா மொழியில் வராவிட்டால் அது மணிலாக்காரர்களின் கனவு என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் சரிதான், 170-க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள நாட்டில் வாசகம் எந்த மொழியிலும் உடையாமல் நிற்க வேண்டும்.

ஆண்டு எதுவும் போட மாட்டேன். ராமோஸுக்கு நடந்தது போதும். அளந்து பார்க்க வேறு வழி இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன் ஓஇசி என்ற சான்றிதழ் எடுக்க வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி கூடுதலாகச் சேர்க்கலாம்: இதில் பாதிச் சம்பளம் உங்கள் மாகாணத்திலேயே கிடைத்தால் போவீர்களா? ஆண்டுதோறும் 'போக மாட்டேன்' என்பவர்களின் விகிதம் குறைந்தால் வாசகம் வேலை செய்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் அப்போது விருப்பப்பட்டவர்கள் மட்டுமே கிளம்புகிறார்கள். இதை எங்கள் ஆட்களிடமே கேட்டுப் பார்த்தேன். இலோயிலோக்காரர் பாதிச் சம்பளம் தாராளம் என்றார். செபுக்காரர் முக்கால்வாசியாவது வேண்டும் என்றார். வரவேற்பில் இருக்கும் பெண், எவ்வளவு கொடுத்தாலும் துபாய்தான், மாமியார் ஊரில் இருக்கிறார் என்றார்.