ஓதம் ப்ரெடிக்‌ஷன், புயல் ஃபோர்காஸ்ட்

கேள்வி: புயல் நேரத்தில் வானொலியில் ஒருவர் ‘ஃபோர்காஸ்ட்’ என்கிறார், இன்னொருவர் ‘ப்ரெடிக்‌ஷன்’ என்கிறார். விஞ்ஞானி சொன்னால் ஃபோர்காஸ்ட், ஜோசியர் சொன்னால் ப்ரெடிக்‌ஷன் என்று வீட்டில் விளக்கம் சொல்லிவிட்டேன். சரிதானே? இன்னொன்று: என் மகன் கட்டுரையில் ‘ஃபோர்காஸ்டட்’ என்று எழுதியதை ஆசிரியை தப்பு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டார். யார் சரி?
– வாசகி, ரோஸ்ஹில், மொரீஷியஸ்

பதில்: விளக்கம் சொல்வதற்கு முன்பே கடிதம் போட்டிருக்கலாம், அம்மா. உங்கள் விளக்கம் பாதிதான் சரி.

போர்ட் லூயி துறைமுகத்தில் அடுத்த ஆண்டு எந்த நாள், எத்தனை மணிக்கு ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறும் என்று இப்போதே அட்டவணை போட்டுவிடலாம். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் ப்ரெடிக்‌ஷன். கிரகணத்தைச் சொல்வதும் அப்படியே. இவற்றைக் கணிப்பவர்கள் ஜோசியர்களா என்ன? கிளி எடுத்துக் கொடுக்கும் சீட்டிலிருந்து கிரகணக் கணக்கு வரை எல்லாம் அடங்கும் அகன்ற சொல் அது. ஃபோர்காஸ்ட் குறுகியது. இன்றைய நிலையை அளந்து, அது எப்படி நகரும் என்று கணக்குப் போட்டு, இத்தனை நாளைக்குள் இது நடக்க இவ்வளவு வாய்ப்பு என்று சொல்வது. பிசகுவதற்கு இடம் வைத்தே சொல்வார்கள். நில நடுக்க ஆய்வாளர்கள் இதில் கறார்: இந்த இடத்தில், இந்த நாளில், இத்தனை அளவில் வரும் என்றால் ப்ரெடிக்‌ஷன், அது எங்களால் முடியாது என்பார்கள். அடுத்த 30 ஆண்டுகளில் பெரிய நடுக்கம் வர இத்தனை சதவீத வாய்ப்பு என்றால் ஃபோர்காஸ்ட், அதைத் தருவார்கள்.

ஃபோர்காஸ்ட் என்ற சொல்லை வானிலைக்கு நிலைக்க வைத்தவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். டார்வினை ஏற்றிக்கொண்டு உலகம் சுற்றிய பீகிள் கப்பலின் தலைவர். 1836இல் அந்தக் கப்பல் நம் போர்ட் லூயியிலும் நங்கூரம் போட்டது. 1859இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் நொறுங்கி 400 பேருக்கு மேல் இறந்த பிறகு, ஃபிட்ஸ்ராய் தந்திச் செய்திகளை வைத்துப் புயல் எச்சரிக்கை கொடுக்க ஆரம்பித்தார். 1861 ஆகஸ்ட் 1 அன்று லண்டன் டைம்ஸில் அவருடைய முதல் வானிலை ஃபோர்காஸ்ட் வெளிவந்தது. இது தீர்க்கதரிசனமும் இல்லை, ப்ரெடிக்‌ஷனும் இல்லை, கணக்கிட்டுச் சொல்லும் ஒரு கருத்து என்று அவரே எழுதி வைத்தார். அப்படியும் கணிப்பு தப்பும்போதெல்லாம் ஊர் அவரைக் கேலி செய்தது.

இதில் ஒரு வேடிக்கை. ‘காஸ்ட்’ என்றால் எறிவது மட்டுமல்ல, கணக்கிடுவதும்தான். ஜாதகம் கணிப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே ‘காஸ்ட்’. நம் ‘கணி’யும் அப்படித்தான்: கணிதத்துக்கும் அது, நாள் பார்த்துச் சொல்லும் கணியனுக்கும் அது. ஆக, வேர்ச்சொல்லைக் காட்டி ஜோசியரைப் பிரித்துவிட முடியாது.

என் சண்டை தமிழில் வைத்திருக்கும் ‘முன்னறிவிப்பு’ என்ற சொல்லோடு. அறிவிப்பு என்றால் முடிவான சேதி போலக் காதில் விழுகிறது. கல்யாண அறிவிப்பு மாதிரி. அதனால்தான் காற்று வராமல் போனால் ‘மெத்தேயோ பொய் சொல்லிவிட்டது’ என்று வானிலை நிலையத்தைத் திட்டுகிறோம். முன்கணிப்பு என்று சொல்லிப் பழகியிருந்தால் இத்தனை கோபம் வராது. நாம் பழகிய புயல் எச்சரிக்கைக் கணக்கையே பாருங்கள். 120 கிலோமீட்டர் வேகக் காற்று வரக்கூடும் என்று 36 முதல் 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லும் கிளாஸ் 1, முன்கணிப்பை நம்பி விடுவது. கிளாஸ் 4 என்றால் அந்த வேகம் ஏற்கெனவே பதிவாகிவிட்டது, இன்னும் அடிக்கும் என்று பொருள். அதைக் கேட்டுவிட்டு, ஃபோர்காஸ்ட் பலிக்குமா பார்ப்போம் என்று ஜன்னலைத் திறக்கிறவர்களும் நம் ஊரில் உண்டு!

சரி, சிவப்பு மைக்கு வருவோம். இறந்தகாலத்துக்கு ‘ஃபோர்காஸ்ட்’, ‘ஃபோர்காஸ்டட்’ இரண்டையும் நல்ல அகராதிகள் ஏற்கின்றன. முதலாவது அதிகம் புழங்குகிறது, பரீட்சையில் அதையே எழுதட்டும். ஆனால் இரண்டாவதைத் தப்பு என்று சுழித்தது தப்பு. அகராதியை மகன் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள், அடுத்த கட்டுரைக்கும் அவன் அதே ஆசிரியையிடம்தான் மார்க் வாங்க வேண்டும். நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள்.